‘ஏற்கெனவே இருக்கிறது’ என்றது பிப்: ஒரு மாட்யூல் பிழையின் பின்கதை

கணக்கு எழுதும் வலைச் செயலி ஒன்று. பைத்தானின் வலைச் சட்டகமான ஜாங்கோவில் எழுதியது, பைத்தான் 3.11. முன்னால் உலாவியின் கோரிக்கைகளை வாங்கும் எஞ்சின்எக்ஸ், அதற்குப் பின்னால் செயலியை ஓட்டும் குனிகார்ன், பின்னணி வேலைகளுக்குத் தனியாக ஒரு செலரி வொர்க்கர். குனிகார்னையும் செலரியையும் லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி தூக்கி நிறுத்தும். அன்று மாலை வெளியிட்ட மாற்றம் சின்னதுதான். அமைப்புகளைச் சூழல் மாறிகளில் இருந்து எடுப்பதை விட்டுவிட்டு ஒரு யாமல் (அமைப்புகளை எழுதும் எளிய உரை வடிவம்) கோப்பில் இருந்து படிக்க வைத்தோம். அதற்காக செட்டிங்ஸ் கோப்பின் தலையில் ‘இம்போர்ட் யாமல்’ என்று ஒரு வரி, தேவையான பொதிகளை (பேக்கேஜ்) பட்டியலிடும் ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் ‘பையாமல்’ என்று ஒரு வரி.

வெளியீட்டு ஸ்கிரிப்ட் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடிந்தது. பொதிகள் இறங்கின, தரவுத்தள அமைப்பைப் புதுப்பிக்கும் மைக்ரேஷன் ஓடியது, சர்வீஸ்கள் மறுதொடக்கம் ஆயின. உலாவியில் பக்கத்தைத் திறந்தால் 502, பின்னால் இருக்கும் செயலியிடம் இருந்து சரியான பதில் இல்லை என்ற பிழை.

பதிவைப் பார்த்தோம். குனிகார்ன் எழுவதும் விழுவதுமாக இருந்தது. ‘வொர்க்கர் ஃபெயில்ட் டு பூட்’ என்ற வரிக்கு மேலே நீளமான ட்ரேஸ்பேக், அதன் அடியில்:

மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்: நோ மாட்யூல் நேம்டு ‘யாமல்’

யாமல் என்ற மாட்யூலை, அதாவது இம்போர்ட் செய்யக் கேட்ட நிரல் துண்டை, காணவில்லை என்கிறது. இந்தப் பெயரில் தனிப் பிழை வந்தது பைத்தான் 3.6-இல். அதற்கு முன்பு எல்லாமே இம்போர்ட்எரர்தான். புதியது பழையதன் உள்வகை என்பதால் பழைய நிரலில் இம்போர்ட்எரரைப் பிடிக்கும் இடங்களில் இதுவும் மாட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

வெளியீட்டை ஓட்டிய தம்பி உடனே செய்தது எல்லோரும் செய்வதுதான். சர்வருக்குள் நுழைந்து, வென்வை (திட்டத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் பைத்தான் சூழல்) ஆக்டிவேட் செய்து, பைத்தான் பொதிகளை நிறுவும் பிப்பைக் கூப்பிட்டு பிப் இன்ஸ்டால் கொடுத்தான்.

“அண்ணா, ஏற்கெனவே இருக்குன்னு சொல்லுது.”

“இம்போர்ட் பண்ணிப் பாரு.”

“பண்ணிட்டேன். வருது. பதிப்பு 6.0.1.”

சர்வீஸை மறுபடி தொடங்கினோம். அதே பிழை. நிறுவியிருக்கிறது, கையால் இம்போர்ட் செய்தால் வருகிறது, சர்வீஸ் மட்டும் இல்லை என்கிறது.

இதைவிடக் குழப்பியது செலரி. அதுவும் அதே செட்டிங்ஸ் கோப்பைத்தான் படிக்கிறது, அதே யாமலைத்தான் இம்போர்ட் செய்கிறது. ஆனால் அது குத்துக்கல் மாதிரி நின்று வேலைகளை முடித்துக்கொண்டிருந்தது. மைக்ரேஷனும் முன்பே வெற்றியாக முடிந்திருந்தது. நான்கு இடங்களில் மூன்றில் யாமல் இருக்கிறது, ஒன்றில் இல்லை. ஆக பழுது குனிகார்னில்தான் என்று நான் முடிவு கட்டினேன். தவறான முடிவு. அதனால் முக்கால் மணி நேரம் போனது.

அந்த முக்கால் மணி நேரத்தில் துரத்திய முயல்களையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு அவையே விடையாக இருக்கலாம்.

முதலில் பெயர். நிறுவும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பைத்தானில் கட்டாயம் இல்லை. பையாமல் என்று நிறுவி யாமல் என்று அழைக்கிறோம். பில்லோவை நிறுவினால் அழைப்பது பிஐஎல். பியூட்டிஃபுல்சூப்4 உள்ளே பிஎஸ்4 ஆகிறது, ஓபன்சிவி-பைத்தான் சிவி2 ஆகிறது. பிழையில் தெரியும் பெயரை அப்படியே பிப்பிடம் கொடுப்பது ஆபத்தும்கூட. அந்தப் பெயரில் வேறு யாரோ ஏற்றிவைத்த பொதி வந்து உட்கார்ந்துகொள்ளலாம். எங்களிடம் ரெக்வயர்மென்ட்ஸில் சரியான பெயரே இருந்தது.

அடுத்தது நிழல். திட்டக் கோப்புறையில் யாராவது யாமல்.பிஒய் என்று ஒரு கோப்பை வைத்துவிட்டால் உண்மையான பொதிக்கு முன்னால் அதுதான் அகப்படும். ஆனால் அப்போது பிழையின் வாசகமே வேறு. ஈமெயில்.பிஒய் என்று சொந்தமாக ஒரு கோப்பை எழுதிவிட்டு ஈமெயில்.மைம் என்பதை இம்போர்ட் செய்தால், ‘ஈமெயில் இஸ் நாட் எ பேக்கேஜ்’ என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வால் இருந்தால் நிறுவுதல் பற்றி யோசிக்கவே வேண்டாம், கோப்பைத் தேடுங்கள். எங்கள் பிழையில் வால் இல்லை.

மூன்றாவது பைத்தான் பதிப்பு. சர்வரை யாராவது 3.12-க்கு ஏற்றிவிட்டார்களோ என்று ஒரு சந்தேகம். 3.12-இல் டிஸ்ட்யூட்டில்ஸும் இம்ப்பும் நூலகத்தில் இருந்தே எடுக்கப்பட்டுவிட்டன, புதிதாக உருவாக்கும் வென்வில் செட்டப்டூல்ஸும் தானாக வருவதில்லை. பழைய பொதிகள் பல அங்கே வரிசையாகக் கவிழும். ஆனால் கவிழ்வது இந்தப் பெயர்களில்தான், யாமலில் இல்லை. பதிப்பும் 3.11-தான்.

கடைசியில் செய்ததை முதலிலேயே செய்திருக்க வேண்டும். செட்டிங்ஸ் கோப்பில், விழுகிற இம்போர்ட் வரிக்கு நேர் மேலே இரண்டு வரி சேர்த்தேன். எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று சொல்லும் சிஸ்.எக்ஸிகியூட்டபிளையும், அது மாட்யூல்களை எங்கெல்லாம் தேடும் என்று சொல்லும் சிஸ்.பாத்தையும், பிழைச் செய்திகள் போகும் வழியான ஸ்டாண்டர்ட் எரரில் அச்சிடச் சொன்னேன். ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் அச்சிட்டால் இடைநினைவில் தேங்கி, செயல்முறை சாகும்போது பதிவுக்கு வராமலே போகலாம். அதனால் எரர் பக்கம்.

சர்வீஸ் சொன்ன பதில்:

/எஸ்ஆர்வி/கணக்கு/வென்வ்/பின்/பைத்தான்

பக்கத்துச் ஜன்னலில், ஆக்டிவேட் செய்த ஷெல்லில் அதே கேள்வி. பதில்:

/ஹோம்/டிப்ளாய்/கணக்கு/வென்வ்/பின்/பைத்தான்

அதற்குப் பிறகுதான் தம்பியின் திரையில் அதுவரை இருந்த பிப்பின் பதிலை முழுசாகப் படித்தோம். ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்பதோடு பிப் நிறுத்தவில்லை. எங்கே இருக்கிறது என்று முழுப் பாதையையும் அதே வரியில் சொல்லியிருந்தது. ஹோம் என்று தொடங்கும் பாதை. நாங்கள் நின்றுகொண்டிருந்ததோ எஸ்ஆர்வியில். கண்ணுக்கு முன்னால் விடை இருந்திருக்கிறது, வரியின் பாதியோடு படிப்பதை விட்டிருக்கிறோம்.

எப்படி வந்தது இந்த இரட்டை வாழ்க்கை

இரண்டு வாரம் முன்பு ஹோம் இருந்த வட்டு நிரம்பிக்கொண்டிருந்தது. எஸ்ஆர்வியில் புதிய வட்டை இணைத்து, செயலியின் கோப்புறையை அப்படியே நகலெடுத்தோம். வென்வும் உள்ளேயே இருந்ததால் அதுவும் கூடவே வந்தது. சர்வீஸ் கோப்புகளிலும் வெளியீட்டு ஸ்கிரிப்டிலும் பாதையை மாற்றினோம். பழைய கோப்புறையை, எதற்கும் இருக்கட்டும் என்று அழிக்காமல் விட்டோம். அந்த யோசனை என்னுடையது.

வென்வ் நகர்த்துவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. உருவாக்கும்போது எந்தப் பாதையில் இருந்ததோ அது பல இடங்களில் எழுத்தாகவே பதிந்துவிடும். ஆக்டிவேட் கோப்பைத் திறந்தால் உள்ளே விர்ச்சுவல்_என்வ் என்ற மாறிக்கு முழுப் பாதை கொடுக்கப்பட்டிருக்கும். ஆக்டிவேட் செய்வது பெரும்பாலும் அந்தப் பாதையின் ‘பின்’ கோப்புறையை, ஷெல் கட்டளைகளை எங்கே தேடும் என்று சொல்லும் பாத் மாறியின் முன்னால் செருகுவதுதான். கோப்பு எஸ்ஆர்வியில் இருந்தாலும் அது செருகியது ஹோமை. எங்கள் ஸ்கிரிப்டில் முதல் வரி எஸ்ஆர்விக்குள் போகிறது, அடுத்த வரி ‘சோர்ஸ் வென்வ்/பின்/ஆக்டிவேட்’. படித்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. நான் நான்கு முறை படித்தேன்.

ஷெல்லின் முன்குறிப்பும் (ப்ராம்ப்ட்) கைவிட்டது. ஷெல்லில் அடைப்புக்குள் தெரியும் பெயர் சூழலின் கோப்புறைப் பெயர்தான். பழையதும் வென்வ், புதியதும் வென்வ்.

ஆக பிப் நிறுவியது ஹோமில், மைக்ரேஷனை ஓட்டியது ஹோமின் பைத்தான். இரண்டும் ஒரே ஷெல்லில் நடந்தவை என்பதால் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போயின.

குனிகார்ன் கதை வேறு. அதன் சர்வீஸ் கோப்பில் நாங்கள் எழுதியிருந்தது எஸ்ஆர்வியில் உள்ள பைத்தானின் முழுப் பாதை, பிறகு ‘-எம் குனிகார்ன்’. வென்வில் உள்ள பைத்தான் என்பது சிஸ்டம் பைத்தானைச் சுட்டும் ஒரு இணைப்பு. அது எழும்போது தான் அழைக்கப்பட்ட பாதையின் பக்கத்திலோ ஒரு படி மேலேயோ பைவென்வ்.சிஎஃப்ஜி என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அந்தக் கோப்புறைதான் தன் வீடு என்று எடுத்துக்கொள்ளும். எஸ்ஆர்வியில் அந்தக் கோப்பும் நகலாகி இருந்தது. அதனால் குனிகார்ன் உண்மையாகவே எஸ்ஆர்வியில் பொதிகள் நிறுவப்படும் சைட்-பேக்கேஜஸில் தேடியது. அங்கே நகலெடுத்த நாளில் இருந்தவை மட்டுமே இருந்தன. எல்லாரும் தப்பு செய்துகொண்டிருக்க, சரியாக நடந்துகொண்டது குனிகார்ன் ஒன்றுதான்.

செலரி? அதன் சர்வீஸ் கோப்பை வேறொருவர் வேறொரு காலத்தில் எழுதியிருந்தார். அங்கே பைத்தான் இல்லை, நேராக எஸ்ஆர்வி/கணக்கு/வென்வ்/பின்/செலரி. அந்தக் கோப்பின் முதல் வரியைப் பார்த்தோம். கோப்பை எந்த நிரலால் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் அந்த வரிக்கு ஷெபாங் என்று பெயர். அதில் ஹோமின் பைத்தான். பிப் எந்த ஸ்கிரிப்டை நிறுவினாலும் முதல் வரியில் அந்த வென்வின் பைத்தானை முழுப் பாதையாக எழுதிவிடுகிறது, நகலெடுத்தால் அது மாறுவதில்லை. ஓடும் செயல்முறைகளைக் காட்டும் ‘பிஎஸ்’ கொடுத்துப் பார்த்தபோது ஒரே வரியில் இரண்டு ஊரும் தெரிந்தன: முதலில் ஹோமின் பைத்தான், அதற்கு அடுத்து எஸ்ஆர்வியின் செலரி. புதிய கோப்புறையில் ஓடுவதாக இரண்டு வாரமாக நாங்கள் நம்பிய வொர்க்கர் பழைய வீட்டுச் சாப்பாட்டில்தான் இருந்திருக்கிறது.

இதை நிரூபிக்கப் பழைய கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு செலரியை மறுபடி தொடங்கினேன். 203/எக்ஸெக் (நிரலை இயக்கவே முடியவில்லை) என்று விழுந்தது, ‘நோ சச் ஃபைல்’ என்ற புகாரோடு. செலரி கோப்பு இருக்கிறது, எல்எஸ் காட்டுகிறது, இயக்க அனுமதியும் இருக்கிறது. இல்லாமல் போனது ஷெபாங்கில் எழுதியிருந்த பைத்தான். கர்னல் அதைச் சொல்லாமல் பொதுவாகக் கோப்பு இல்லை என்று மட்டும் சொல்லும். இந்தச் செய்தியை முதன்முறை பார்ப்பவர்கள் அனுமதிகளை நோண்டத் தொடங்குவார்கள். முதல் வரியைப் பாருங்கள்.

சரிசெய்தது சுலபம். எஸ்ஆர்வியின் வென்வை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கி, ரெக்வயர்மென்ட்ஸில் இருந்து எல்லாவற்றையும் நிறுவினோம். சில நிமிட வேலை. குனிகார்ன் எழுந்தது, செலரி எழுந்தது, முகப்புப் பக்கம் வந்தது.

இரண்டாவது பிழை

அரை மணி நேரம் கழித்து ஒரு பயனர் வங்கி அறிக்கைக் கோப்பை ஏற்ற முயன்றிருக்கிறார். 500, செயலிக்குள்ளேயே பிழை. பதிவில்:

நோ மாட்யூல் நேம்டு ‘பில்லிங்.லிப்’

வென்வ் மாதிரியே இன்னொன்று மிச்சம் இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். இல்லை. பெயரில் புள்ளி இருக்கிறது, புள்ளிக்கு முன்னால் இருப்பது எங்கள் சொந்த செயலி. பில்லிங் கிடைத்திருக்கிறது, அதற்குள் லிப் கிடைக்கவில்லை. இது பிப்பின் ஊர் இல்லை.

சர்வரில் பில்லிங் கோப்புறைக்குள் பார்த்தால் லிப் என்ற கோப்புறையே இல்லை. தம்பியின் கணினியில் இருக்கிறது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிடம் ஸ்டேட்டஸ் கேட்டால் சுத்தம், சேர்க்காத கோப்பு எதுவும் இல்லை என்கிறது.

‘கிட் செக்-இக்னோர் -வி’ என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு கோப்பின் பாதையைக் கொடுத்தால், அதைப் புறக்கணிக்கச் சொன்ன விதி எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று சொல்லிவிடும். கொடுத்தோம். கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றைப் பட்டியலிடும் எங்கள் கிட்இக்னோரில் ‘லிப்/’ என்ற வரியைக் காட்டியது. நாங்கள் எழுதியதில்லை. கிட்ஹப் தரும் பைத்தான் வார்ப்புருவில் பில்ட், டிஸ்ட் எல்லாவற்றோடும் அதுவும் வருகிறது. பொதி கட்டும்போது விழும் குப்பையைத் தள்ளுவதற்காக வைத்த விதி. முன்னால் சாய்கோடு இல்லாததால் வேரில் மட்டும் இல்லாமல் எந்த ஆழத்தில் லிப் என்ற கோப்புறை இருந்தாலும் அதற்குப் பொருந்தும். தம்பி அறிக்கைகளைப் பிரித்துப் படிக்கும் நிரலைப் பில்லிங்குக்குள் லிப் என்று வைத்தான், கிட் அதைப் பார்க்காத மாதிரி போய்விட்டது.

ஏன் இது முதலிலேயே விழவில்லை? அந்த இம்போர்ட் கோப்பின் தலையில் இல்லை, ஏற்றும் ஃபங்ஷனுக்குள் இருந்தது. தலையில் வைத்தால் இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று அழைத்து வட்டமாகச் சிக்குகின்றன என்று உள்ளே தள்ளியிருக்கிறான். ஃபங்ஷன் ஓடும்வரை பைத்தான் அந்த வரியைத் தொடாது. ஆகவே செயலி எழும், சோதனைகள் பாஸாகும், யாரோ ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும். வட்டத்தை உடைப்பது தலைவலிதான், ஆனாலும் அன்று இரவே உடைத்து இம்போர்ட்டைத் தலைக்குக் கொண்டுவந்தோம். உள்ளே ஒளித்த இம்போர்ட்டுகள் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் எப்போதும் இருந்ததில்லை.

கோப்புறைக்கு ‘பார்சர்ஸ்’ என்று பெயர் மாற்ற முடிவு செய்தோம். விதியை ‘/லிப்/’ என்று மாற்றியிருந்தாலும் போதும், ஆனால் அடுத்தவருக்கு அந்தச் சாய்கோட்டின் அருமை தெரியாது. பெயர் மாற்றியதில் கிடைத்தது ஒரு சின்ன வேடிக்கை. தம்பி புதிய கோப்புறையை உருவாக்கி, எடிட்டரில் பிஒய் கோப்புகளை மட்டும் அதற்கு இழுத்துப் போட்டான். ஒரு சோதனைக் கோப்பில் பழைய இம்போர்ட் வரி தவறிப்போய் மாறாமல் நின்றுவிட்டது. சர்வரில் அது ‘நோ மாட்யூல் நேம்டு பில்லிங்.லிப்’. அவன் கணினியில் அதே வரி, அதே நிரல், வேறு பிழை: ‘கேனாட் இம்போர்ட் நேம்’, பின்னால் அடைப்புக்குள் ‘அன்நோன் லொக்கேஷன்’.

அவன் கணினியில் பழைய லிப் கோப்புறை இன்னும் இருந்தது, உள்ளே பைத்தான் தானாகத் தேக்கிவைக்கும் __பைகேஷ்__ மட்டும். பைத்தான் 3.3 முதல் __இனிட்__ கோப்பு இல்லாத கோப்புறையும் ஒரு நேம்ஸ்பேஸ் பேக்கேஜாக ஏற்றுக்கொள்ளப்படும். வெறும் கூடு என்றாலும் இம்போர்ட்டில் முதல் பாதி நிறைவேறிவிடும், கூட்டுக்குள் தேடும்போதுதான் ஒன்றும் அகப்படாது. முன்பு சொன்ன வேறுபாடு இங்கேதான் உதவுகிறது: மாட்யூல்நாட்ஃபவுண்ட் என்றால் இடமே கிடைக்கவில்லை, வெறும் இம்போர்ட்எரர் என்றால் இடம் கிடைத்தது, கேட்ட பொருள் இல்லை. அன்நோன் லொக்கேஷன் என்று பார்த்தால் இப்போதெல்லாம் நான் நேராகக் காலிக் கோப்புறையைத் தேடப் போய்விடுகிறேன். கிட்டில் கிளை மாறும்போதும் இது நடக்கும். கிட் தன் கோப்புகளை எடுத்துக்கொண்டு போகும், புறக்கணித்த பைகேஷை விட்டுவிட்டுப் போகும்.

மாற்றியவை

வெளியீட்டு ஸ்கிரிப்டில் ஆக்டிவேட் வரியை எடுத்துவிட்டோம். எல்லாக் கட்டளைகளும் எஸ்ஆர்வியின் பைத்தானை முழுப் பாதையில் அழைக்கின்றன: அந்தப் பைத்தான் ‘-எம் பிப்’, அந்தப் பைத்தான் மேனேஜ்.பிஒய். பிப் என்று வெறுமனே அழைத்தால் அது யாருடைய பிப் என்று கேட்க வேண்டியிருக்கிறது, பைத்தான் வழியாக அழைத்தால் அந்தக் கேள்வியே எழாது. செலரியின் சர்வீஸ் கோப்பும் அதே வடிவத்துக்கு வந்தது. சர்வீஸ்களை மறுதொடக்கம் செய்வதற்கு முன்பு அதே பைத்தானால் ‘மேனேஜ்.பிஒய் செக்’ ஓடுகிறது, விழுந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். பழைய குனிகார்ன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், பயனருக்கு 502 தெரியாது. இம்போர்ட்டுகள் தலைக்கு வந்துவிட்டதால் இந்தச் சோதனை யூஆர்எல்களை ஏற்றும்போது வியூக்களும் அவை அழைக்கும் பார்சர்களும் சேர்ந்தே ஏறிவிடுகின்றன.

சோதனைகளை டெவலப்பரின் கோப்புறையில் ஓட்டாமல் கிட்டில் இருந்து புதிதாக க்ளோன் (நகல்) செய்த கோப்புறையில் ஓட்டுகிறோம். லிப் விவகாரம் அங்கே ஒரே நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். புதிய வென்வை ‘--ப்ராம்ப்ட்’ கொடுத்து உருவாக்கியதால் அடைப்புக்குள் இப்போது வென்வ் என்று வராமல் ‘எஸ்ஆர்வி-கணக்கு’ என்று வருகிறது. ஒரு சொல்தான், ஆனால் தம்பிக்கு அது பிடித்திருக்கிறது.

ஹோமில் இருந்த பழைய கோப்புறையை மறுநாள் அழித்தேன். அழிப்பதற்கு முன்பு சிஸ்டம்டி கோப்புகள் எல்லாவற்றிலும் அந்தப் பாதையைத் தேடினேன், எங்கும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பழைய தற்காலிகக் கோப்புகள் நீங்காமல் குவிந்துகிடப்பதைத் தம்பி பார்த்தான். இரவில் அவற்றைத் துடைக்கும் வேலை, நேரம் வைத்துக் கட்டளைகளை ஓட்டும் க்ரானில் இருந்திருக்கிறது, ஹோமின் பைத்தானை முழுப் பாதையில் அழைத்தபடி. க்ரான் பிழைகளை மின்னஞ்சலில் அனுப்பும், சர்வரில் மின்னஞ்சல் அமைக்கவே இல்லை. க்ரானின் வேலைப் பட்டியலான க்ரான்டேபில் தேட எனக்குத் தோன்றவில்லை.